காற்றுப்பூ

வந்தாச்சு, பார்த்தாச்சு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தும் ஆச்சு. இனி வேதவல்லி வாயைத் திறந்து கேட்க வேண்டியதுதான் பாக்கி. கேட்டதும் மரகதம் சொல்லப்போவது ஒரே ஒரு வார்த்தை. கரூரில் பஸ் ஏறினதிலிருந்து அதை நாக்கில் போட்டு உருட்டிக்கொண்டே வந்திருக்கிறாள், குளித்தலை தாண்டும்போது சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு யாருக்கும் கேட்காமல் சொல்லிக்கூடப் பார்த்தாள்: உளறுறார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு எழுத்து கிடையாது. கட்டிலில் கிடக்கிறானே குலசேகரன், ஒரு காலத்தில் இவள் புருஷன், அப்புறம் இந்த வேதவல்லியின் புருஷன், காலேஜில் பிசிக்ஸ் வாத்தியார், ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவன், அவன் காதில் விழுகிற மாதிரி சொல்ல வேண்டும். காது நன்றாகக் கேட்கிறதாம். டாக்டர் சொன்னாராம். பக்கவாதம் எத்தனையோ பேருக்கு வருகிறது, கை போகும், கால் போகும், வாய் கோணிக்கொள்ளும், இவனுக்கு அதோடு தமிழும் போய்விட்டது. யாராவது பேசினால் புரிகிறது, பதிலுக்குப் பேச வரவில்லை. இங்கிலீஷும் போச்சு. மூளையில் அடி விழுந்தால் ஆயிரத்தில் ஒருத்தருக்கு இப்படிப் பிறந்த பாஷை அழிந்து, பின்னால் படித்த பாஷை மட்டும் மிஞ்சுமாம். இவனுக்கு மிஞ்சினது எஸ்பெராந்தோ. போலந்துப் பக்கம் ஒரு கண் டாக்டர், உலகத்துக்கெல்லாம் பொதுவாக இருக்கட்டும் என்று உட்கார்ந்து உண்டாக்கின பாஷை. எந்த ஊருக்கும் சொந்தமில்லை, எந்தச் சாதிக்கும் சொந்தமில்லை. இந்தத் திருச்சியில் ஒரு காலத்தில் அதைப் பேசினவர்கள் ஒரு கூடம் நிறைய இருந்தார்கள். செத்தவர்கள் போக, பிள்ளைகளோடு அமெரிக்கா போனவர்கள் போக, மரகதம் ஒருத்திதான் பாக்கி. ஆக, அவன் என்ன சொல்கிறான் என்று சொல்ல இந்தப் பக்கத்தில் இவளை விட்டால் ஆளில்லை. மாட்டிக்கொண்டாயா, ராசா?

"நீங்க வந்ததே பெருசு அக்கா," என்றாள் வேதவல்லி, ஆப்பிளை நறுக்கித் தட்டில் வைத்துக்கொண்டே. அக்காவாம். எந்த உறவில் அக்கா? ஒரே ஆளிடம் ஏமாந்த உறவா? ஆனால் இவள் ஏமாந்த மாதிரியும் தெரியவில்லை, கண்ணெல்லாம் வீங்கிக் கிடக்கிறது, அழுதிருக்கிறாள், ராத்திரி தூங்கியிருக்க மாட்டாள். பாவம் என்று ஒரு நினைப்பு வந்தது. போ அந்தப் பக்கம் என்று மரகதம் அதைத் தள்ளிவிட்டாள். "தண்ணி கேட்டா கையால காட்டுறாரு, அது புரிஞ்சுருது. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிக்கிட்டே இருக்காரு அக்கா, காலையில முழிச்சதுலேருந்து. வெந்தப்பூ, வெந்தப்பூன்னு எனக்குக் கேக்குது. நான் ஒரு மடச்சி, வெந்ததா எதுவும் கேக்குறாரோன்னு இட்லியை ஊட்டினேன், துப்பிட்டாரு. உங்களுக்குப் புரியுதான்னு கொஞ்சம் பாருங்க. செத்த இருந்தா சொல்லுவாரு." மரகதம் தலையை ஆட்டினாள். அவன் கண்ணை மூடிக் கிடந்தான். மூக்குக்குப் பக்கத்தில் பிளாஸ்திரி, மார்பு ஏறி இறங்குகிறது, இடது கை போர்வையைப் பிசைகிறது. இவள் வந்தது தெரியுமா? தெரியும். உள்ளே நுழைந்தபோது பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடிக்கொண்டான். மூடிக்கொள், மூடிக்கொள், காதை மூட முடியாதே உன்னால். வெந்தப்பூ என்று வேதவல்லி சொன்னபோதே மரகதத்துக்கு அது என்ன சொல் என்று தெரிந்துவிட்டது, ஆனால் முகத்தில் காட்டவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் மாட்டிக்கொண்டு ஊரார் கதையெல்லாம் கேட்டவள், முகத்தில் காட்டாமல் இருக்க அவளுக்கா சொல்லித் தர வேண்டும்.

அந்த எக்ஸ்சேஞ்ச் வேலைக்குச் சேர்ந்த புதிதில்தான் தில்லை நகரில் ஒரு வீட்டு மாடிக்கு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சிநேகிதி ஒருத்தி இழுத்துக்கொண்டு போனாள். கரும்பலகைக்கு முன்னால் இவன் நின்றிருந்தான், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு. மால்சானுலேயோ என்று எழுதினான். உரிச்சுப் பாருங்க, இந்தப் பாஷையில சொல்லை உரிச்சா உள்ள எல்லாம் தெரியும் என்றான். சான் என்றால் ஆரோக்கியம், மால் போட்டால் அதற்கு எதிர், உல் என்றால் ஆள், ஏய் என்றால் இடம், ஓ வந்தால் பெயர்ச்சொல். ஆரோக்கியம் கெட்ட ஆள் இருக்கிற இடம். ஆஸ்பத்திரி! எல்லாரும் சிரித்துக் கை தட்டினார்கள். இவளும் தட்டினாள், கிறுக்கச்சி. இப்போது அந்த மால்சானுலேயோவில்தான் கிடக்கிறாய், உரித்துக்கொண்டு கிட. வெங்காயம் உரிக்கிற மாதிரி சொல் உரிக்கிறவனைப் பார்த்து எவளாவது மயங்குவாளா? மயங்கினாளே. அந்தப் பாஷையில் நீ கிடையாது, நீங்க கிடையாது, வாடா போடா கிடையாது, எல்லாருக்கும் ஒரே 'வி'தான், புருஷனுக்கும் 'வி', பெண்டாட்டிக்கும் 'வி', கலெக்டருக்கும் குப்பைக்காரருக்கும் 'வி'. வீட்டில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நின்று பழகின பெண்ணுக்கு அது போதாதா? இரண்டு வீட்டிலும் ஒத்துக்கொள்ளவில்லை, வேறு வேறு சாதி. ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். மாலை மாற்றும்போதுகூட எஸ்பெராந்தோவில்தான் பேசினான். ரிஜிஸ்திரார் இது தெலுங்கா என்று கேட்டார். அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை நாள் சிரித்தார்கள்! சிரிப்பு. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது நாக்கில் கசக்கிறது.

முதலை என்று ஒரு விளையாட்டு. உலகம் பூராவும் அந்தப் பாஷைக்காரர்களுக்குள் இது உண்டு, கூட்டத்தில் எவனாவது தாய்மொழியில் பேசிவிட்டால் அவன் முதலையாகிவிட்டான் என்பார்கள். இவன் அதற்கு மேல் ஒரு படி போனான். அட்டையில் முதலை வெட்டிப் பச்சை வர்ணம் அடித்து நூல் கோத்து வைத்திருந்தான், தமிழ் பேசினவர் கழுத்தில் அது தொங்கும், அடுத்தவர் தப்புப் பண்ணுகிற வரைக்கும். மாடியில் அது வேடிக்கை. வீட்டுக்குள் கொண்டுவந்து ஆணியில் மாட்டினான் பாருங்கள், அன்றைக்கே அதை அடுப்பில் வைத்திருக்க வேண்டும். லூமா பிறந்தபோது சட்டம் போட்டுவிட்டான்: அஞ்சு வயசு வரைக்கும் பிள்ளை காதில் தமிழ் விழக்கூடாது. நம்ம நாட்டிலேயே எஸ்பெராந்தோவைத் தாய்மொழியாக் கொண்ட முதல் குழந்தை இவளாத்தான் இருக்கும், மரகதம், யோசிச்சுப் பாரு! யோசித்துத்தான் பார்த்தாள், பால் கொடுத்துக்கொண்டே. தாலாட்டு வாய்வரைக்கும் வரும், ஆராரோ என்று ஆரம்பித்துவிடுவாள், உடனே கழுத்தில் அட்டை. அம்மா என்கிற சொல்லே அந்தப் பாஷையில் இல்லை, அப்பாவுக்குப் பெண்பால் ஒட்டுப் போட்டால் அம்மா, பத்ரீனோ. சுமந்து பெற்றவள் அப்பனுக்கு ஒட்டு! செல்லமாகக் கூப்பிட பான்யோ. லூமா அப்படித்தான் கூப்பிடுவாள், பான்யோ, பான்யோ என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு. ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு வந்து 'அம்மா' என்றாள். இவன் சிரித்துக்கொண்டே அந்தப் பச்சை முதலையை எடுத்துப் பிள்ளை கழுத்தில் மாட்டினான். அது என்னவோ நகை என்று நினைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்று ஆடினது. அய்யோ, என் தங்கமே. அந்தக் கழுத்து.

அவன் உதடு அசைந்தது. மரகதம் நிமிர்ந்தாள். ஒன்றும் வரவில்லை, எச்சிலைத்தான் விழுங்கினான். வேதவல்லி துண்டால் வாயைத் துடைத்துவிட்டாள். வரும், வரும், வந்தே தீரும். வெந்தப்பூவாம்! வெந்தோஃப்ளோரோ. உரிக்கலாமா வாத்தியாரே? வெந்தோ என்றால் காற்று, ஃப்ளோரோ என்றால் பூ. இரண்டும் லத்தீனில் வேர் விட்ட சொற்கள், இரண்டையும் சேர்த்து ஒட்டினால் காற்றுப்பூ. எந்த அகராதியிலும் கிடையாது. தேடிப் பார், உலகத்தில் உள்ள எஸ்பெராந்தோ அகராதியெல்லாம் புரட்டிப் பார், ஃபேனுக்கு வெந்தோலீலோ என்றுதான் போட்டிருக்கும். அது பிறந்தது உறையூரில், வாடகை வீட்டில், சித்திரை மாத மத்தியானத்தில். கரண்ட் போய் வீடு அடுப்பாகக் கிடந்தது, லூமா பாயில் மல்லாந்து படுத்திருந்தாள், ஜட்டி மட்டும் போட்டுக்கொண்டு. கரண்ட் வந்தது, மேலே மூன்று இறக்கையும் மெல்லச் சுற்ற ஆரம்பித்தன, அது இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தினது: வெந்தோஃப்ளோரோ! மரகதம் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து கேட்டாள், அவள் கேட்ட பிறகுதான் இவன் பேப்பரை மடித்துவிட்டு வந்தான். வெந்தோலீலோ என்று திருத்தினான். நே, நே, வெந்தோஃப்ளோரோ என்று பிள்ளை காலை உதைத்தது. காற்றைப் பூக்கிற பூ. நாலு வயசு ஆகவில்லை. யாரும் சொல்லித் தரவில்லை, தானே இரண்டு துண்டை எடுத்து ஒட்டிக்கொண்டது. அப்புறம் அதுதான் அந்த வீட்டில் ஃபேனுக்குப் பேர். மரகதத்துக்கும் அதுதான். அவனுக்கும்தான்.

தொண்டை அடைப்பான். டிப்தீரியா என்றார்கள். ஒட்டுவாரொட்டி வார்டு, ஊருக்கு வெளியே, உள்ளே பெற்றவர்களை விடமாட்டார்கள், சன்னல் கம்பி வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். மரகதம் துணி எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தாள், அவ்வளவு நேரந்தான், இவன் சன்னலோரம் நின்றிருந்தான். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது. நர்ஸம்மா கேட்டுக்கு வந்து துணி மூட்டையை வாங்கிக்கொண்டாள், வெளுத்த முகம், நல்ல மனுஷி, அவள் கேட்டாள்: "உங்களுக்கு வீட்ல என்ன பாசைம்மா? பாப்பா கடைசி வரைக்கும் வெந்தோ, வெந்தோன்னு என்னமோ கேட்டுக்கிட்டே இருந்துச்சு. எங்களுக்குப் புரியல. வெளிய நின்ன உங்க வீட்டுக்காரரைக் கேட்டேன். காய்ச்சல் வேகத்துல உளறுது சிஸ்டர்ன்னுட்டாரு." உளறுது சிஸ்டர். பக்கத்தில் பெரிய டாக்டர் நின்றிருந்தாராம். பெரிய டாக்டர் எதிரில், என் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது, நான்தான் தெரியாமல் வளர்த்தேன் என்று சொல்ல வெட்கமாகிவிட்டது துரைக்கு. ஊர் பூராவும் பெருமை அடித்துக்கொண்டு திரிந்தவன், அந்தப் பெருமை ஒரே ஒரு தடவை பிள்ளைக்கு உபயோகப்பட வேண்டிய இடத்தில் அதை மடியில் கட்டி மறைத்துக்கொண்டான். ஃபேன் சிஸ்டர், ஃபேனைக் கேக்குறா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லியிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள், அது மரகதத்துக்கும் தெரியும், தொண்டை அடைத்துவிட்டது, ஃபேனா பிழைக்க வைக்கும். அது இல்லை கணக்கு. கேட்டது கிடைத்திருக்கும். கேட்டதை ஒருத்தர் புரிந்துகொண்டார் என்றாவது இருந்திருக்கும். ஆனால் எதைக் கேட்டாள்? போடச் சொன்னாளா, நிறுத்தச் சொன்னாளா? வெந்து கிடந்தாளா, குளிரில் நடுங்கினாளா? அந்த வார்டில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததா இல்லையா? நர்ஸம்மாவிடம் அதைக் கேட்கத் தோன்றவில்லை, அப்புறம் அந்த நர்ஸ் எங்கே போனாளோ. இத்தனை வருஷமாக எந்த ஊர் போனாலும் எந்த வீட்டில் படுத்தாலும் மேலே சுற்றுகிறதைப் பார்த்து இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். போடவா, நிறுத்தவா, கண்ணு? போடவா, நிறுத்தவா?

இதற்கு மேல் ஒன்று செய்தான் பாருங்கள், அதற்குத்தான் இன்றைக்குக் கூலி. வருஷம் திரும்பவில்லை, வெளிநாட்டில் எஸ்பெராந்தோக்காரர்களின் பெரிய மாநாடு, டிக்கெட் அனுப்பினார்கள், போனான். போய் என்ன பேசினான் தெரியுமா? ஒரு கூட்டுச்சொல்லின் பிறப்பு. தலைப்பே அதுதான். வெந்தோஃப்ளோரோ என்று பலகையில் எழுதி, வேர் பிரித்து, லத்தீன் சொல்லி, ஒரு குழந்தையின் மூளை எப்படிச் சொல் கட்டுகிறது என்று விளக்கினானாம், வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று கை தட்டினார்களாம். வந்து இவளிடமே சொன்னான், கோட்டைக்கூடக் கழற்றாமல், மூச்சு வாங்க. இவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: அவ செத்துட்டான்னு சொன்னீங்களா? அந்தப் பாஷையில் கேட்கவில்லை, தமிழில் கேட்டாள், நீங்க போட்டுக் கேட்டாள். அது அந்தச் சபைக்குத் தேவைப்படலை என்றான். தேவைப்படலையாம்! அன்றைக்குப் பெட்டியைக் கட்டினவள்தான். எஸ்பெராந்தோவில் அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசியதில்லை, யாரிடமும், தனியாக இருக்கும்போதுகூட. அந்தச் சொல்லையோ வாயால் தொடவே இல்லை. அவன் மட்டும் ஊர் ஊராகப் போய் உரித்துக் காட்டிக்கொண்டிருந்தான். செத்த பிள்ளையின் வாயிலிருந்து எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டவன். அது இப்போது அந்த வாயிலேயே சிக்கிக்கொண்டு வெளியே போக வழியில்லாமல் கிடக்கிறது. கிடக்கட்டும். கடவுள் என்று ஒருத்தர் இருக்கிறார் போலிருக்கிறது.

"வெந்தோ..." என்றான்.

மரகதத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண் திறந்திருந்தது. இவளைப் பார்க்கவில்லை, மேலே பார்த்தான். மேலே என்ன இருக்கிறது? ஏசி ரூம், வெள்ளை அட்டை அடைத்த கூரை, குழல் விளக்கு. ஃபேன் இல்லை. ஃபேன் என்று ஒன்று இந்த ரூமிலேயே இல்லை. அப்படியானால் அவன் ஃபேனைக் கேட்கவில்லை. அது புரிந்த கணத்தில் மரகதத்துக்கு உச்சந்தலைக்கு ஏறினது. கூப்பிடுகிறாயா? லூமாவையா கூப்பிடுகிறாய்? அவள் கேட்டபோது உளறல், நீ கேட்டால் மட்டும் அர்த்தமா? "பாத்தீங்களா அக்கா, இதுதான், இதேதான்," என்று வேதவல்லி தட்டை வைத்துவிட்டு எழுந்து வந்தாள், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள், அவன் இன்னொரு தடவை சொன்னான், முழுசாக, கஷ்டப்பட்டு. அப்புறம் மரகதம் பக்கம் திரும்பினான். தெரிந்துகொண்டுதான் பார்த்தான். இவளுக்குப் புரியும் என்று தெரிந்துகொண்டு, நீ சொல்லு வேதவல்லியிடம் என்கிற மாதிரி. "என்ன அக்கா சொல்றாரு? எதாச்சும் வேணுங்கறாரா?"

மரகதம் அவன் கண்ணை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தெளிவாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

"ஒண்ணுமில்லம்மா. உளறுறார்."

போய் விழுந்தது. எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுந்தது, மரகதம் பார்த்தாள், கோணாத பக்கத்துக் கண் ஒரு தரம் விரிந்தது, ஞாபகம் வந்துவிட்டது அவனுக்கு, எந்தச் சன்னல், எந்த டாக்டர், எல்லாம் வந்துவிட்டது. வாய் மெல்ல மூடிக்கொண்டது. வேதவல்லி நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டாள். "உளறல்தானா? அப்பாடா. என்னமோ கேக்குறாரு, நம்மால குடுக்க முடியலையேன்னு தவிச்சுப்போயிட்டேன் அக்கா. இருங்க, உங்களுக்குக் காபி வாங்கிட்டு வரேன்," என்று பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போனாள். கதவு சாத்திக்கொண்டது. மரகதம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நிம்மதி வருகிறதா என்று பார்த்தாள். வந்தது, வராமல் இல்லை, வெயிலில் வந்து மோர் குடித்தாற்போல ஒரு குளிர்ச்சி உள்ளே இறங்கினது. இன்னொரு தடவை சொல்லட்டும், இன்னொரு தடவை இதையே சொல்கிறேன். சொல்லு. சொல்லேன். அவன் உதட்டை இறுக்கி மூடியிருந்தான், கோணின பக்கம்கூட. கண்ணோரம் ஈரம். காத்திருந்தாள். அந்தக் கோணல் வாயில் ர வரவில்லை, வெந்தோஃப்ளோயோ என்றுதான் வந்தது. லூமாவுக்கும் ர வராது. வெந்தோஃப்ளோயோ என்றுதான் கத்துவாள், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, இத்தனை வருஷமாக மனசுக்குள் நினைத்துப் பார்த்தபோதெல்லாம் இவளே அதைத் திருத்தி, ர போட்டு, அகராதிச் சொல் மாதிரி ஆக்கி வைத்திருந்தாள், பிள்ளை சொன்ன மாதிரி அல்ல. பிள்ளை சொன்ன மாதிரி இப்போது கேட்டாள். இந்த ரூமில், இந்த ஆள் வாயில். இத்தனை காலத்துக்கு அப்புறம் ஒரு வாய் அதைச் சொன்னது, கேட்டாள், அதற்குள் அடைத்துவிட்டாள்.

"சொல்லுங்க," என்றாள். கம்பிக்குள் கைவிட்டு அவன் இடது கையைப் பிடித்தாள். "இன்னொரு தடவை சொல்லுங்க." அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். மரகதம் எழுந்துவிட்டாள், ஸ்டூல் பின்னால் சரிந்து விழுந்தது, குனிந்து அவன் காதில் அந்தப் பாஷையில் கெஞ்சினாள், எங்கிருந்து வந்ததோ, ஒரு சொல் மறக்கவில்லை. 'வி' என்று கூப்பிட்டாள், சொல்லு, தயவுசெய்து, எனக்காக வேண்டாம், லூமாவுக்காக. தானே சொல்லிப் பார்த்தாள், வெந்தோஃப்ளோரோ, ர ஒழுங்காக வந்து தொலைத்தது, மாற்றிச் சொன்னாள், ஃப்ளோயோ, வேஷம் போட்ட மாதிரி இருந்தது, அது இல்லை, அது இல்லவே இல்லை. கையைப் பிடித்து உலுக்கினாள். கை குழைந்து கிடந்தது. அழுத்தினால் பதிலுக்கு அழுத்தவில்லை.

வேதவல்லி கதவைத் திறந்தாள், பிளாஸ்க்கை அப்படியே தரையில் வைத்துவிட்டு ஓடிவந்தாள். "என்ன அக்கா, என்னாச்சு?"

"அது உளறல் இல்ல, வேதவல்லி. அர்த்தம் இருக்கு. எம்பொண்ணு... எம்பொண்ணு சொன்ன வார்த்தை அது. நான் பொய் சொல்லிட்டேன்."

வேதவல்லி அவளைப் பார்த்தாள், படுக்கையைப் பார்த்தாள், பிறகு மரகதத்தின் தோளைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டாள். "எனக்கு ஆறுதலா எதாச்சும் சொல்லணும்னு பாக்குறீங்க. வேணாம் அக்கா. நீங்க முதல்ல சொன்னதுதான் நிஜம்னு எனக்கே தெரியும்." அவன் கையைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல், பிரித்தெடுத்தாள். "விடுங்க. காலையிலேருந்து இப்பதான் வாயை மூடியிருக்காரு. தூங்கட்டும்."